ஸ்லேவ் சிலிண்டர் மாத்தியாச்சு, கியர் சிக்குது. ராடை நீட்டினா கிளட்ச் வழுக்குது

வேளச்சேரி குவாலிஸ் | ஞாயிறு, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். 2003 டீசல் குவாலிஸ், அப்பா புதுசா வாங்கின வண்டி. இன்னிக்கும் வீட்ல எல்லாரையும் ஏத்திக்கிட்டு ஊருக்குப் போறது இதுலதான், அதனால விக்கிற எண்ணம் இல்ல.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலப்போ எங்க தெருவுல ரெண்டு நாள் தண்ணி நின்னுச்சு. பாதி சக்கரம் முழுகிடுச்சு. இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகல. ஆனா போன மாசம் கிளட்ச் பெடல் மெல்ல மெல்ல கீழே இறங்க ஆரம்பிச்சுது. கீழே படுத்துப் பார்த்தா, எண்ணெய் அழுத்தத்துல கிளட்சைத் தள்ற ஸ்லேவ் சிலிண்டரோட ரப்பர் பூட்ல ஆயில் சொட்டுது. ஜி.பி. ரோட்ல புது ஸ்லேவ் வாங்கி நானே போட்டேன்.

போட்ட பிறகு ரிவர்ஸ் போட்டா 'கர்ர்'னு சத்தம். முதல் கியரும் சிக்கிச் சிக்கித்தான் விழுது. ஒரு மிதிக்கு விழல, வேகமா ரெண்டு மிதி மிதிச்சா விழுது. தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர் பார்த்துட்டு, "கிளட்ச் பிளேட் தேஞ்சிருக்கு, ராடு எட்டல"ன்னு சொல்லி, ஸ்லேவுல இருந்து கிளட்ச் ஃபோர்க்கைத் (கிளட்சை விடுவிக்கற நெம்புகோல்) தள்ற புஷ் ராடு நுனியில ஒரு துண்டை வெல்டு வச்சு நீட்டிக் கொடுத்தாரு. பெடல் கிட்டயும் ஏதோ டைட் பண்ணாரு. அதுக்கப்புறம் கியர் நல்லாவே விழுந்துச்சு.

ஆனா நேத்து கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போது ஏழு பேர் உள்ள இருக்காங்க, ஆக்சிலேட்டர் மிதிக்கிறேன், இன்ஜின் மட்டும் கத்துது, வண்டி ஏறல. கருகின வாசனை. அம்மா பயந்துட்டாங்க. பிளேட் போயிடுச்சா, அட்ஜஸ்ட்மெண்ட் தப்பா? கியர் பாக்ஸ் இறக்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கணும். உதவி பண்ணுங்க.

கொளத்தூர் கேரேஜ் | ஞாயிறு, இரவு 10.15

தம்பி, ரெண்டு மிதிக்குக் கியர் விழுதுன்னா கிளட்ச் எண்ணெய் லைன்ல ஏர் (காத்து) இருக்கு. அதுல சந்தேகமே வேணாம். ராடை நீட்டியிருக்கவே கூடாது. ரெண்டு விஷயம் சொல்லு. ஏர் எடுக்கற நிப்பிள் மேல் பக்கமா இருக்கா, கீழ் பக்கமா? ஏர் எப்படி எடுத்தே?

அதுவரைக்கும் வண்டிய எடுக்காதே. வழுக்கற கிளட்சோட மேம்பாலம் ஏறினா, இன்ஜினோட சுத்தற பிளைவீல் சூட்டுல நீலமாகி, வேலை பெருசாயிடும்.

வேளச்சேரி குவாலிஸ் | ஞாயிறு, இரவு 10.31

நிப்பிள் மேலதான் இருக்கு அண்ணா. தம்பி பெடலை வேகமா ஒரு இருபது முறை அடிச்சான், அமுக்கிப் பிடிச்சான், நான் நிப்பிளைத் திறந்து மூடினேன். மூணு நாலு தடவை பண்ணோம். வெள்ளையா நுரை மாதிரி வந்துச்சு, அப்புறம் ஆயில் வந்துச்சு. சரியாயிடுச்சுன்னு நினைச்சு விட்டுட்டேன்.

பாடி பழைய தொழிலாளி | திங்கள், காலை 6.20

வணக்கம் தம்பி. பாடியில் பிரேக், கிளட்ச் சிலிண்டர் செய்யும் ஆலையில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் பதிவை இரவே படித்தேன். பொறுமையாகச் சொல்ல வேண்டிய விஷயம் என்பதால் காலையில் எழுதுகிறேன்.

உங்கள் வண்டியில் இப்போது மூன்று கோளாறு ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறது. முதலாவது, கொளத்தூர்த் தம்பி சொன்ன ஏர். அது மட்டும்தான் முதலில் இருந்த கோளாறு. ராடை நீட்டியதும் பெடல் பக்கம் இறுக்கியதும் பிறகு சேர்ந்தவை.

ஹைட்ராலிக் கிளட்சில் ராடைச் சில மில்லிமீட்டர் நீட்டினால் என்ன நடக்கும்? பிஸ்டன் அதே அளவு சிலிண்டருக்குள் பின்னால் போய் உட்காரும், அவ்வளவுதான். பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டர் தள்ளும் எண்ணெயின் அளவு மாறவில்லை. பிஸ்டன் நகரும் தூரமும் மாறாது. ஆகவே நீட்டியதால் கியர் விழுவதில் எந்த வித்தியாசமும் தெரிந்திருக்கக் கூடாது. உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியென்றால் பிஸ்டன் சிலிண்டரின் அடியில் போய் முட்டிவிட்டது, மேற்கொண்டு பின்வாங்க இடமில்லை, மீதி நீளம் ஃபோர்க்கைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. நீங்கள் காலை எடுத்த பிறகும் கிளட்ச் பாதி மிதித்தபடியே இருக்கிறது. கியர் விழுவதும் அதனால்தான், மேம்பாலத்தில் வழுக்கியதும் அதனால்தான்.

வேளச்சேரி குவாலிஸ் | திங்கள், மதியம் 1.05

ஐயா, ரொம்ப நன்றி. ஆனா ஒரு சந்தேகம். பிளேட் தேஞ்சா இடைவெளி கூடும்தானே? பிரேக் ஷூ தேஞ்சா பெடல் இறங்குற மாதிரி. அப்போ ராடு இன்னும் நீளமா வேணும்னு மெக்கானிக் சொன்னதுல நியாயம் இருக்கற மாதிரி தெரியுதே?

பாடி பழைய தொழிலாளி | திங்கள், இரவு 8.10

நல்ல கேள்வி. அனுபவமுள்ள மெக்கானிக்குகள் பலரும் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். பிரேக்கை வைத்துக் கிளட்சை யோசிப்பதால் வரும் தவறு இது.

பிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில், நீங்கள் பிளேட் என்று சொல்லும் கிளட்ச் டிஸ்க் இருக்கிறது. டிஸ்க் தேயத் தேய, பிரஷர் பிளேட் பிளைவீல் பக்கம் நெருங்கும். அதைத் தள்ளும் டயஃப்ரம் ஸ்பிரிங் ஒரு தட்டு மாதிரி. நடுவில் விரல் விரலாக இருக்கும். தட்டின் விளிம்பு முன்னால் போனால் நடு விரல்கள் பின்னால், அதாவது கியர் பாக்ஸ் பக்கம் வரும். ஏற்றப்பலகையில் ஒரு பக்கம் இறங்கினால் மறு பக்கம் எழுவது போல. அந்த விரல்கள் ரிலீஸ் பேரிங்கைப் பின்னால் தள்ளும், பேரிங் ஃபோர்க்கைத் திருப்பும், ஃபோர்க் ராடைத் தள்ளும், ராடு பிஸ்டனைச் சிலிண்டருக்குள் தள்ளும்.

ஆக, டிஸ்க் தேயத் தேய ராடுக்குக் கிடைக்கும் இடம் குறைந்துகொண்டே வரும். பிஸ்டனுக்குப் பின்னால் காலியாக இருக்கும் இடம் இந்தத் தேய்மானத்துக்காகவே விடப்பட்டது. அதை வெல்டு வைத்து அடைத்தால் கிளட்சுக்கு மிச்சமிருக்கும் ஆயுளை அடைத்தது போல.

வீட்டிலேயே ஒரு சாட்சி பார்க்கலாம். பிரேக் பேட் தேய்ந்தால் பிரேக் ஆயில் டப்பாவில் அளவு இறங்கும். கிளட்ச் டிஸ்க் தேய்ந்தால் கிளட்ச் ஆயில் டப்பாவில் அளவு ஏறும், ஏனென்றால் பிஸ்டன் உள்ளே போகப் போக எண்ணெய் மேலே திரும்புகிறது. கிளட்ச் டப்பாவில் அளவு குறைந்தால் அது தேய்மானம் அல்ல, கசிவு.

அடுத்து பெடல் பக்கம். பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனுக்கும் நடுவே உள்ள ராடில் கொஞ்சம் ஆட்டம் இருந்தே ஆக வேண்டும். விரலால் பெடலைத் தொட்டு அமுக்கினால், கனம் தெரிவதற்கு முன் சில மில்லிமீட்டர் லேசாகப் போக வேண்டும். அந்த ஆட்டம் இல்லாவிட்டால் மாஸ்டர் பிஸ்டன் முழுதாகத் திரும்பாது, எண்ணெய் டப்பாவுக்குத் திரும்பும் வழி திறக்காது. ஆற்காடு சாலையில் மெட்ரோ வேலை நெரிசலில் மே மாதம் அரை மணி நேரம் ஊர்ந்தால், இன்ஜின் சூட்டில் எண்ணெய் விரிந்து, போக வழியில்லாமல் ஸ்லேவைத் தள்ளும். காலையில் நன்றாக இருக்கும் வண்டி மதியம் வழுக்கும். அங்கே என்ன இறுக்கினார்கள் என்று பார்த்து எழுதுங்கள்.

ஓ.எம்.ஆர். ஃபிகோ | திங்கள், இரவு 9.22

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் ஃபிகோவில் வெளியே ஸ்லேவ் சிலிண்டரே தெரியவில்லை. அதற்கும் இதே வழிதானா?

கொளத்தூர் கேரேஜ் | திங்கள், இரவு 9.40

ஃபிகோ, ஈகோஸ்போர்ட் வண்டிகள்ல ஸ்லேவ், பெல் ஹவுசிங்ங்கற கியர் பாக்ஸ் முன் கூட்டுக்கு உள்ளயே, கியர் பாக்ஸ் ஷாஃப்டைச் சுத்தி வட்டமா இருக்கும் சார். ரிலீஸ் பேரிங் அதோட சேர்ந்தே வரும். மாத்தணும்னா கியர் பாக்ஸ் இறக்கியே ஆகணும். அதனால கிளட்ச் செட் மாத்தும்போது அதையும் சேர்த்து மாத்திடுங்க, ரெண்டு தடவை கூலி கொடுக்காதீங்க. அதுல ராடும் கிடையாது, அட்ஜஸ்ட்மெண்டும் கிடையாது.

குவாலிஸ் தம்பிக்கு இப்போ வேலை முறை சொல்றேன். ஞாயிறு காலைல நிதானமா பண்ணு.

ஜாக்கி மேல மட்டும் வண்டிய நிறுத்திட்டு கீழே போகாதே. செங்கல்லும் வேணாம். ஸ்டாண்டு வை, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடு. இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு மனசு ஆறாது, எங்க தொழில்ல பார்க்கக் கூடாததை எல்லாம் பார்த்திருக்கேன்.

பைப் நட்டைக் கழட்ட வேண்டிய வேலை உனக்கு இல்ல. ஒருவேளை கழட்டினா சாதா ஓப்பன் ஸ்பானர் போடாதே, முனை மழுங்கிடும். பைப் நட்டுக்குன்னு வெட்டு விட்ட ரிங் ஸ்பானர் இருக்கு, அதை வாங்கு. திரும்பப் போடும்போது முதல் நாலு சுத்து கையாலதான். நூல் குறுக்கே ஏறிச்சுன்னா புது ஸ்லேவ் குப்பைக்குத்தான்.

இப்போ ஸ்லேவோட ரெண்டு போல்ட்டையும் கழட்டி, பைப் மாட்டினபடியே ஸ்லேவை வெளிய எடு. பெடல் கிட்ட யாரையும் விடாதே. ஸ்லேவ் வெளிய இருக்கும்போது பெடலை மிதிச்சா பிஸ்டன் தெறிச்சு வெளிய வந்துடும்.

வெல்டு வச்ச ராடைத் தூக்கிப் போடு. பழைய ஸ்லேவோட ராடு இருக்கா? இருந்தா அதைத் துடைச்சுப் போடு. நுனி உருண்டையா, பள்ளம் இல்லாம இருக்கணும். ஃபோர்க்ல அது உட்கார்ற குழியில மட்டும் கொஞ்சம் கிரீஸ். பிஸ்டன் பக்கம், பூட் உள்ள எல்லாம் சாதா கிரீஸ் வைக்காதே, ரப்பர் ஊறிப் போயிடும்.

ஏர் எடுக்க உன் இருபது அடி முறைய விடு. வேகமா அடிச்சா உள்ள இருக்கற ஏர் எண்ணெயோட கலந்து நுரையாகும், அந்த வெள்ளை நுரை அதுதான். சின்னச் சின்னக் குமிழா பைப் முழுக்க ஒட்டிக்கும், அப்புறம் எடுக்கவே முடியாது. ஒரு மணி நேரம் சும்மா விடு, குமிழ் மேல ஏறட்டும்.

அப்புறம் ஸ்லேவைக் கையில பிடி, நிப்பிள் மூடியே இருக்கட்டும். ஸ்லேவை பைப்பை விடத் தாழ்வா, பைப் வர்ற வாய் மேல பார்த்த மாதிரி வச்சுக்கிட்டு, ராடை ரொம்ப மெதுவா உள்ள தள்ளு. மேல டப்பாவுல ஒருத்தரைப் பார்க்கச் சொல்லு, குமிழ் குமிழா வரும். மெதுவா விடு, திரும்பத் தள்ளு. குமிழ் நிக்கற வரைக்கும். டப்பா வழியாம பார்த்துக்கோ, அந்த எண்ணெய் பெயிண்ட்டைத் தின்னுடும், வழிஞ்சா உடனே தண்ணி ஊத்திக் கழுவு.

கடைசியா ஸ்லேவை மாட்டிட்டு வழக்கமான முறை. நிப்பிள்ல கண்ணாடி மாதிரி தெரியற டியூப் போடு. எங்க ஏரியா முழுக்க மீன் கடைங்க, தொட்டிக்குப் போடற டியூபையே நான் எடுத்துக்குவேன். மறு முனை, பாட்டில்ல ஊத்தின புது எண்ணெய்க்குள்ள முழுகி இருக்கணும். பெடலை மெதுவா ஒரே மிதி, பிடி, நிப்பிளைக் கால் சுத்து திற, மூடு, அப்புறம்தான் காலை எடு. மூடறதுக்கு முன்னாடி காலை எடுத்தா வெளிய இருந்து ஏரை நீயே உறிஞ்சிக்கறே. டப்பா காலியாக விடாதே. நிப்பிளை வெறி கொண்டு இறுக்காதே, உள்ள ஓட்டை இருக்கற சின்ன நிப்பிள், முறிஞ்சிடும்.

தாம்பரம் சுமோ | செவ்வாய், காலை 7.50

நான் பத்து வருஷமா ஸ்லேவ் மாத்தினதே இல்ல. நூத்துச் சொச்ச ரூபாய்க்கு ரப்பர் கிட் போட்டா முடிஞ்சுது. பெட்ரோல்ல கழுவி, கிட் போட்டு ஓட்டறேன். புது சிலிண்டர் வீண் செலவு.

பாடி பழைய தொழிலாளி | செவ்வாய், காலை 9.15

கிட் போடுவது தவறில்லை நண்பரே, சிலிண்டரின் உள்சுவர் கண்ணாடி போல இருந்தால். நகத்தால் தடவினால் தட்டக் கூடாது. குவாலிஸ் தம்பி வண்டி இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. பூட்டின் ஓரமாக உள்ளே போன நீர், பிஸ்டன் ஓய்வாக நிற்கும் இடத்துக்கு வெளியே உள்ள சுவரை அரித்துக் குழி குழியாக்கும். புது ரப்பர் அந்தக் குழிகளின் மேல் ஓடும்போது கிழியும். மூன்று மாதத்தில் மறுபடி சொட்டும். அங்கே புது சிலிண்டர் வாங்கியது சரியான முடிவு.

பெட்ரோல் கழுவலை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். இந்த ரப்பர் கிளைகால் (glycol) வகைப் பிரேக் எண்ணெய்க்கு ஏற்றது. பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், இன்ஜின் ஆயில் எது பட்டாலும் ஊதிப் பெருக்கும். பெருத்த ரப்பர் பிஸ்டனைத் திரும்ப விடாது. பிரேக் ஆயிலாலேயே கழுவுங்கள், அல்லது ஸ்பிரிட்டால் கழுவி முழுதாக உலர விடுங்கள்.

எண்ணெய் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டாட் 3 ரகப் பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 205 டிகிரியில் கொதிக்க வேண்டும், நீர் உறிஞ்சிய நிலையில் 140. டாட் 4 என்றால் 230, 155. இரண்டும் காற்றிலிருந்து ஈரம் குடிக்கும். நம் ஊர்க் காற்றில் எவ்வளவு ஈரம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. திறந்து பாதி வைத்த பழைய பாட்டிலை ஊற்றாதீர்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கிளட்ச் எண்ணெயையும் மாற்றுங்கள். பிரேக்குக்கு மாற்றும் பலர் கிளட்சை மறந்துவிடுகிறார்கள். டாட் 5 என்பது சிலிக்கான், பெயரில் ஒரு எண் கூடுதலாக இருக்கிறதே என்று அதை இதில் கலக்கக் கூடாது.

இன்னொன்றும் பாருங்கள் தம்பி. புது ஸ்லேவின் துளை அளவு பழையதோடு ஒத்திருக்கிறதா? பல சிலிண்டர்களின் உடம்பிலேயே அங்குலக் கணக்கில் வார்த்திருக்கும். உதாரணத்துக்கு, மாஸ்டர் துளை 15.87 மி.மீ., அது நகர்வது 25 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஸ்லேவ் 19.05 மி.மீ. துளையானால் ராடு 17 மி.மீட்டருக்குச் சற்று மேல் நகரும். அதுவே 20.64 மி.மீ. துளையானால் 15-ஐக்கூட எட்டாது. பெடல் பஞ்சு போல லேசாக இருக்கும், கியர் மட்டும் சிக்கும். எவ்வளவு ஏர் எடுத்தாலும் தீராது.

தாம்பரம் சுமோ | செவ்வாய், காலை 11.30

பெட்ரோல் விஷயம் எனக்கு யாரும் சொன்னதில்லை ஐயா. வருஷா வருஷம் கிட் போட வேண்டியிருந்ததுக்கு அதுதான் காரணமோன்னு இப்போ தோணுது. நன்றி.

வேளச்சேரி குவாலிஸ் | ஞாயிறு, மாலை 5.45

இன்னிக்கு முடிச்சுட்டேன். எல்லாருக்கும் முழுசா சொல்லணும்.

முதல்ல துளை அளவு. பழசுலயும் புதுசுலயும் வார்த்திருக்கற எண் ஒண்ணுதான். வெர்னியர் வச்சும் பார்த்தேன், சரியா இருந்துச்சு.

ஸ்லேவைக் கழட்டின உடனே, ராடு வெளிய வந்ததும் ஃபோர்க் தானா ஒரு விரல் அளவு முன்னாடி வந்து நின்னுச்சு. ஐயா சொன்னது அப்பதான் கண்ணுல தெரிஞ்சுது. அவ்வளவு நேரமும் கிளட்சை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கு. வெல்டு வச்ச ராடையும் பழைய ராடையும் பக்கத்துல வச்சு அளந்தேன், 8 மி.மீ. வித்தியாசம்.

பெடல் கிட்ட லாக் நட் புதுசா திருகின தடம் இருந்துச்சு. விரலால அமுக்கினா ஆட்டமே இல்ல, தொட்ட உடனே கனம். லாக் நட்டைத் தளர்த்தி ராடைத் திருகி, பெடல் மிதிக்கற இடத்துல 4 மி.மீ. லேசா போற மாதிரி வச்சேன்.

ஏர் எடுத்ததுதான் ஆச்சரியம். கையால ராடை மெதுவாத் தள்ளும்போது மேல அப்பா டார்ச் அடிச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தாரு. "வருது, வருது"ன்னு கத்தினாரு. பதினஞ்சு தடவைக்கு மேல குமிழ் வந்துச்சு. இவ்வளவு ஏரோட நான் ராடைக் குறை சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்.

வேலைக்கு முன்னாடி, பெடலை முழுசா மிதிக்கச் சொல்லி ராடு நகர்றதை ஸ்கேல் வச்சுப் பார்த்திருந்தேன், 9 மி.மீ. இப்போ அதே மிதிக்கு 15 மி.மீ. முதல் மிதிக்கும் ரெண்டாவது மிதிக்கும் வித்தியாசம் இல்ல.

இன்ஜின் ஓடிக்கிட்டு இருக்கும்போது கிளட்சை மிதிச்சு நாலு விநாடி பொறுத்து ரிவர்ஸ் போட்டேன், சத்தமே இல்லாம விழுந்துச்சு. கத்திப்பாரா மேல மூணாவது கியர்ல அப்பாவையும் மாமாவையும் வச்சு ஏறினேன். இன்ஜின் தனியாக் கத்தல, வாசனையும் இல்ல.

ஒரு குறை மட்டும் இருக்கு. பெடலை மிதிச்சா லேசா 'ஸ்ஸ்ஸ்'னு ஒரு சத்தம், காலை எடுத்தா நின்னுடுது. மறுபடி கழட்டணுமா?

கொளத்தூர் கேரேஜ் | ஞாயிறு, மாலை 6.20

ரொம்ப சந்தோஷம் தம்பி. மிதிச்சா சத்தம், விட்டா இல்லன்னா அது ரிலீஸ் பேரிங். அந்த நீள ராடு இருந்த வரைக்கும் பேரிங் ஒரு நிமிஷம் ஓய்வில்லாம விரல் மேல அழுந்திச் சுத்திக்கிட்டே இருந்திருக்கு, அதுல கிரீஸ் காஞ்சிருக்கும். இப்போ உடனே கழட்டாதே. சத்தம் ஏறுதான்னு மட்டும் கவனி. டிஸ்க்கும் ஒரு தடவை கருகியிருக்கு, அதனால அடுத்த தடவை கியர் பாக்ஸ் இறங்கும்போது டிஸ்க், பிரஷர் பிளேட், பேரிங் மூணையும் சேர்த்து மாத்து. பிளைவீலை லேத்ல கொடுத்துப் பார்க்கச் சொல்லு.

பாடி பழைய தொழிலாளி | ஞாயிறு, இரவு 8.05

அந்த 15 மில்லிமீட்டரை எங்கேயாவது எழுதி வையுங்கள் தம்பி. கிளட்ச் டப்பாவில் இன்றைய அளவுக்கு ஒரு கோடும் போடுங்கள். ஆறு மாதம் கழித்துக் கோட்டுக்கு மேலே ஏறியிருந்தால் தேய்மானம். கீழே இறங்கியிருந்தால் பூட்டை விலக்கி உள்ளே ஈரம் இருக்கிறதா பாருங்கள். மாஸ்டர் சிலிண்டரும் அதே வயதுதான், பெடல் பக்கம் காலடி விரிப்புக்கு மேலே, மாஸ்டர் ராடு உள்ளே நுழையும் இடத்தையும் ஒரு துணியால் துடைத்துப் பாருங்கள்.

வேளச்சேரி குவாலிஸ் | ஞாயிறு, இரவு 8.40

துடைச்சுப் பார்த்தேன் ஐயா, துணி காஞ்சிருக்கு. டப்பாவுல மார்க்கர்ல கோடு போட்டாச்சு. அப்பா தன் டைரியில தேதியோட 15 மி.மீ.ன்னு எழுதிட்டாரு.